கறுப்புப் பூனைகள் பிறந்த கதை

கேத்தியில் குன்னூர் போகும் மலை ரயிலில் ஏறினால் அடுத்த நிறுத்தம் அருவங்காடு. நூறு வயதைக் கடந்த வெடிமருந்துத் தொழிற்சாலை அங்கே இருக்கிறது. அதைத் தாண்டினால் வெலிங்டன். மெட்ராஸ் ரெஜிமென்டின் பயிற்சி மையமும், முப்படை அதிகாரிகள் படிக்கும் பணியாளர் கல்லூரியும் அங்கேதான். கேரட்டும் உருளைக்கிழங்கும் விளைகிற எங்கள் பள்ளத்தாக்குக்கு ராணுவம் பக்கத்து வீடு. தமிழ்நாட்டின் ஏதோ ஒரு கிராமத்திலிருந்து ரெஜிமென்டில் சேர வரும் பையன் இந்தக் குளிரில்தான் முதன்முதலாகத் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொள்கிறான். 'வீர மெட்ராஸி, அடி கொல்லு, அடி கொல்லு' என்ற போர் முழக்கத்தையும் இங்கேதான் கற்கிறான்.

அப்படிப் பயிற்சி பெற்று ரெஜிமென்டுக்குப் போனவர்களில் ஒரு பட்டாலியன், 26 மெட்ராஸ், 1984 ஜூன் 5 இரவு அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குள் நுழைந்தது. எதிரே இருந்தது அந்நிய நாட்டுப் படை இல்லை. நம் நாட்டுக்காரர்களே ஒரு வழிபாட்டுத் தலத்தைக் கோட்டையாக்கி உட்கார்ந்திருந்தார்கள். அந்த இரவில் நடந்ததையும் அதன் பின்விளைவுகளையும் பார்த்த பிறகே இந்திய அரசு ஒரு புதிய படையை உருவாக்கியது. தேசியப் பாதுகாப்புப் படை, என்.எஸ்.ஜி. என்பது அதன் பெயர். நாம் கறுப்புப் பூனைப் படை என்கிறோம். தமிழ்நாட்டில் இந்தப் பெயரைக் கேட்டால் பலருக்கும் ஜெயலலிதாவின் காரைச் சுற்றி ஓடிய கறுப்புச் சீருடைக்காரர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். ஆனால் அந்தப் படை தலைவர்களைக் காக்கப் பிறந்ததல்ல. மதத்தின் பெயரால் ஆயுதம் தூக்குகிறவர்களை ராணுவத்தால் ஒடுக்கிவிட முடியுமா என்ற கேள்விக்கு, பெரும் விலை கொடுத்து நாடு கண்டுபிடித்த பாதி விடை அது.

கதையை 1978 ஏப்ரல் 13, பைசாகி நாளிலிருந்து தொடங்க வேண்டும். அன்று அமிர்தசரஸில் நிரங்காரிப் பிரிவினர் நடத்திய கூட்டத்தை எதிர்த்துப் போன சீக்கியர்களில் 13 பேர் கொல்லப்பட்டார்கள். நிரங்காரிகளை மத விரோதிகளாகக் கருதியவர்களுக்கு அது ஆறாத காயமாயிற்று. அந்தக் காயத்திலிருந்து எழுந்த குரல்தான் ஜர்னைல் சிங் பிந்தரன்வாலே. தம்தமி தக்சால் என்ற மதக் கல்வி மடத்தின் தலைவராக அதற்கு முந்தைய ஆண்டு பொறுப்பேற்றிருந்த இளைஞர். கிராமம் கிராமமாகப் போய் மதுவை விடு, முடியை வெட்டாதே, அமிர்தம் எடு என்று போதித்தவர். சீக்கியர்களின் கட்சியான அகாலி தளத்தின் செல்வாக்கைக் குறைக்க இவர் பயன்படுவார் என்று காங்கிரஸ் தலைவர்கள் சிலர் கணக்குப் போட்டதாக அந்தக் காலத்தைப் பதிவு செய்த பத்திரிகையாளர்கள் பலரும் எழுதியிருக்கிறார்கள். 1980இல் நிரங்காரி தலைவர் குர்பச்சன் சிங் கொல்லப்பட்டார். 1981இல் பத்திரிகை அதிபர் லாலா ஜகத் நாராயண். அந்தக் கொலை வழக்கில் கைதான பிந்தரன்வாலே சில வாரங்களில் வெளியே வந்தார். முன்பைவிடப் பெரிய ஆளாக வந்தார்.

இதற்கெல்லாம் அடியில் மதம் சாராத குறைகள் நிறைய இருந்தன. நதிநீர்ப் பங்கீடு, சண்டிகர் யாருக்கு என்ற வழக்கு, மாநில அதிகாரம். 1973இன் அகாலிகளின் ஆனந்த்பூர் சாகிப் தீர்மானத்தைப் படிக்கும் தமிழருக்கு அதன் பாதிப் பகுதி நம் ஊர் மாநில சுயாட்சிப் பேச்சாகவே தோன்றும். அவற்றை மேசையில் உட்கார்ந்து பேசித் தீர்த்திருக்கலாம். அகாலிகளோடு பேச்சுவார்த்தை நடந்தது, முறிந்தது, மறுபடி நடந்தது, மறுபடி முறிந்தது. ஒவ்வொரு முறிவிலும் மிதவாதியின் குரல் ஒரு படி இறங்கியது, பிந்தரன்வாலேயின் குரல் ஒரு படி ஏறியது.

1983 ஏப்ரல் 25. பஞ்சாப் காவல்துறை டி.ஐ.ஜி. ஏ.எஸ். அட்வால் பொற்கோயிலில் வழிபட்டுவிட்டுப் பிரசாதத்தோடு வெளியே வந்தார். அவரும் சீக்கியர்தான். வாசலில் வைத்துச் சுட்டுக் கொன்றார்கள். சுட்டவன் நிதானமாகக் கோயில் வளாகத்துக்குள் திரும்பிப் போனான். அட்வாலின் உடல் பட்டப்பகலில் வெகுநேரம் அங்கேயே கிடந்தது. உடன் வந்த காவலர்கள் ஓடிவிட்டார்கள். உள்ளே போக யாருக்கும் உத்தரவு வரவில்லை. இந்தக் கதையில் என்னை அதிகம் உலுக்குவது ஜூன் மாதத்துப் பீரங்கிகள் அல்ல, இந்த வாசற்படிதான். தன் கோயில் வாசலிலேயே ஒரு சீக்கிய அதிகாரி கொல்லப்பட்டுக் கிடந்ததைக் கண்டு பஞ்சாபே அதிர்ந்து நின்றது. அன்று சில காவலர்கள் சட்டப்படி உள்ளே போய்க் கொலைகாரனைப் பிடித்திருந்தால் மக்கள் அதை ஏற்றிருப்பார்கள் என்று பின்னாளில் காவல் அதிகாரிகளும் ராணுவ அதிகாரிகளும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நம்புகிறேன். ஒரு காவல் நிலையம் செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமல் விட்டதால், ஓராண்டு கழித்து ஒரு ராணுவப் பிரிவே வர வேண்டியதாயிற்று.

அந்த ஓராண்டில் நிலைமை கட்டுமீறியது. 1983 அக்டோபர் 5 அன்று தில்வான் அருகே ஒரு பேருந்தை நிறுத்தி, இந்துக்களைப் பிரித்தெடுத்து, ஆறு பேரைச் சுட்டார்கள். மறுநாள் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. டிசம்பரில் பிந்தரன்வாலே அகால் தக்துக்குள் குடிபுகுந்தார். பொற்கோயிலின் மையமான ஹர்மந்திர் சாகிப்புக்கு நேர் எதிரே, சீக்கியர்களின் உலகியல் அதிகாரத்தின் பீடமாக நிற்கும் கட்டடம் அது. அதைக் கோட்டையாக மாற்றியவர் ஷபேக் சிங், இந்திய ராணுவத்தின் முன்னாள் மேஜர் ஜெனரல். 1971இல் வங்கதேச முக்தி வாகினியினருக்குப் பயிற்சி கொடுத்தவர். ஓய்வுபெறும் தறுவாயில் ஊழல் குற்றச்சாட்டில் பதவி நீக்கம் செய்யப்பட்ட கசப்பு அவருக்கு. இந்திய ராணுவம் எப்படி யோசிக்கும், எந்த வழியாக வரும் என்பது அவருக்கு அத்துப்படி. சாளரங்களிலும் தரைக்கீழ்ச் சுரங்க வாய்களிலும் இயந்திரத் துப்பாக்கிகளை வைத்தார்.

சிறு கமாண்டோ குழுவை அனுப்பிப் பிந்தரன்வாலேயை மட்டும் தூக்கிவரும் திட்டம் ஒன்று இருந்ததாகவும், பொதுமக்கள் சாவார்களோ என்று இந்திரா காந்தி அதை மறுத்ததாகவும் பல ஆண்டுகள் கழித்துச் செய்திகள் வந்தன. கடைசியில் அவர் ஒப்புக்கொண்டது அதைவிடப் பல மடங்கு பெரிய ஒன்றுக்கு.

மேற்குப் படைத் தலைமையின் தளபதியாக அப்போது இருந்தவர் லெப்டினன்ட் ஜெனரல் கே. சுந்தர்ஜி. 1928இல் செங்கல்பட்டில் பிறந்த தமிழர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். வெலிங்டன் பணியாளர் கல்லூரியின் பழைய மாணவர். அந்தக் கல்லூரியின் இலச்சினையில் ஆந்தை இருக்கும், 'யுத்தம் ப்ரக்ஞயா' என்ற வாசகம் இருக்கும். அறிவைக் கொண்டு போர் செய் என்பதுதான் சாரம். உள்ளே போகும் படைப்பிரிவின் பொறுப்பு மேஜர் ஜெனரல் குல்தீப் சிங் பிராரிடம் இருந்தது. திட்டமிட்டவர்களில் இன்னொருவர் லெப்டினன்ட் ஜெனரல் ரஞ்சித் சிங் தயாள். இருவரும் சீக்கியர்கள். ஆகவே இதைச் சீக்கியர்மீது மற்றவர்கள் தொடுத்த போர் என்று எளிமையாக்கிவிட முடியாது. பணிவோடும் பிரார்த்தனையோடும்தான் உள்ளே போனோம் என்று சுந்தர்ஜி பின்னர் சொன்னார். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. ஆனால் ராணுவம் என்னும் கருவி பிடித்திருப்பவரின் மனத்தைப் பார்த்துத் தன் இயல்பை மாற்றிக்கொள்வதில்லை.

ஜூன் 3 குரு அர்ஜன் தேவின் தியாக நாள். கோயிலில் யாத்திரிகர்கள் நிறைந்திருந்தார்கள். அந்த நேரத்தில்தான் பஞ்சாப் முழுக்க ஊரடங்கு. தொலைபேசி துண்டிப்பு, ரயில் இல்லை, பேருந்து இல்லை. பத்திரிகையாளர்களை மாநிலத்தை விட்டே வெளியேற்றினார்கள். வெளியேற விரும்புகிறவர்கள் வரலாம் என்று ஒலிபெருக்கியில் அழைத்தார்கள். சிலர் வந்தார்கள். மிகப் பலர் வரவில்லை, வர முடியவும் இல்லை.

5ஆம் தேதி இரவு நுழைவு. ஆபரேஷன் புளூ ஸ்டார் என்பது அந்த நடவடிக்கையின் பெயர். ஹர்மந்திர் சாகிப் பக்கம் சுடக் கூடாது என்பது வீரர்களுக்குக் கண்டிப்பான உத்தரவு. படிக்கட்டில் இறங்கிய முதல் வரிசையில் இருந்தவர்கள் பளிங்குத் தரையில் விழுந்தார்கள். மறைவு கிடையாது, சுற்றிலும் குண்டு. கமாண்டோக்கள், காவலர் ரெஜிமென்ட், மெட்ராஸ், குமாவுன், கார்வால் எனப் பல படைப்பிரிவுகளின் வீரர்கள் கோயில் குளத்தைச் சுற்றி அடிபட்டார்கள். விடியும் நேரத்தில் விஜயந்தா டாங்கிகள் உள்ளே வந்தன. அகால் தக்தின் முகப்பைக் குண்டுகள் பிளந்தன. பிந்தரன்வாலேயும் ஷபேக் சிங்கும் இறந்தார்கள். கையெழுத்துச் சுவடிகள் நிறைந்த சீக்கியர் ஆய்வு நூலகம் எரிந்தது.

ஜூலையில் அரசு ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. ராணுவத்தில் இறந்தோர் 83. அடுத்த வரியில், பொதுமக்களையும் தீவிரவாதிகளையும் ஒரே கணக்கில் சேர்த்து, இறந்தோர் 493. வெளியில் சொல்லப்பட்ட எண்ணிக்கைகள் இதைவிட மிக அதிகம். அந்த ஒற்றைக் கணக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. யார் யாத்திரிகர், யார் ஆயுதம் ஏந்தியவர் என்று செத்த பிறகும் அரசால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அல்லது சொல்ல மனம் வரவில்லை.

ராணுவக் கணக்குப்படி அது வெற்றி. கோயில் கைக்கு வந்தது, தலைவன் ஒழிந்தான். ஆனால் அந்த வாரமே அன்றைய பீகாரின் ராம்கரில் இருந்த சீக்கிய ரெஜிமென்ட் மையத்தில் இளம் வீரர்கள் கலகம் செய்தார்கள். அதன் தளபதி பிரிகேடியர் எஸ்.சி. புரி கொல்லப்பட்டார். பிந்தரன்வாலேயைக் கடுமையாக எதிர்த்து எழுதிவந்த குஷ்வந்த் சிங் தன் பத்மபூஷண் விருதைத் திருப்பிக் கொடுத்தார். அதுவரை அந்த இயக்கத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்கள்கூடத் தங்கள் வீட்டுக் கருவறையை இடித்துவிட்டதாக அழுதார்கள். கிராமங்களில் ராணுவம் நடத்திய தேடுதல் வேட்டைக்குப் பயந்தும், அதில் அவமானப்பட்டும் இளைஞர்கள் வீட்டை விட்டுப் போனார்கள். அரசு தன் செலவில் அகால் தக்தைச் சீரமைத்துக் கொடுத்தது. சீக்கியர்கள் அதை ஏற்கவில்லை. 1986இல் அந்தக் கட்டடத்தைத் தங்கள் கையாலேயே இடித்துவிட்டு, கரசேவையாகப் புதிதாகக் கட்டினார்கள். ஒரு அரசு எதைத் திருப்பித் தர முடியாது என்பதை அந்தக் கரசேவை சொல்லிவிட்டது.

இந்தச் சூழலில்தான் தில்லியில் அந்த யோசனை உருவெடுத்தது. காலாட்படையும் டாங்கியும் நாட்டின் எல்லைக்கு. காவலரின் லத்தி தெருச் சண்டைக்கு. இரண்டுக்கும் நடுவே எதுவுமில்லாததால்தான் அட்வாலின் உடல் கிடந்த அன்று ஒன்றும் செய்ய முடியவில்லை. அதே காரணத்தால்தான் ஓராண்டு கழித்துப் பீரங்கியைத் தவிர வேறு வழி தெரியவில்லை. வேறு நாடுகளும் இந்த இடைவெளியில் விழுந்து எழுந்தவைதான். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் இஸ்ரேலிய வீரர்களும் பயிற்சியாளர்களுமாக 11 பேர் கொல்லப்பட்டபோது, மேற்கு ஜெர்மனிக் காவலர்களுக்குக் குறிபார்த்துச் சுடும் பயிற்சிகூடச் சரியாக இல்லை. அந்த வெட்கத்தில் பிறந்தது அவர்களுடைய ஜி.எஸ்.ஜி. 9. ஐந்தாண்டு கழித்து மொகதிஷுவில் கடத்தப்பட்ட விமானத்திலிருந்து 86 பயணிகளை அந்தப் படை மீட்டது. 1980இல் லண்டன் ஈரான் தூதரகத்துக்குள் பிரிட்டனின் எஸ்.ஏ.எஸ். புகுந்ததை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. இவற்றையெல்லாம் ஆராய்ந்து 1984இல் தேசியப் பாதுகாப்புப் படையை உருவாக்கினார்கள். ஆண்டுதோறும் அக்டோபர் 16 அதன் உதய தினம். நாடாளுமன்றச் சட்டம் 1986 செப்டம்பரில் வந்தது.

அதன் அமைப்பைக் கவனியுங்கள். முன்னணித் தாக்குதல் குழுவில் இருப்பவர்கள் ராணுவத்திலிருந்து அயற்பணியில் வருகிறவர்கள். துணைநிற்கும் குழுவினர் மத்தியக் காவல் படைகளிலிருந்து வருகிறவர்கள். ஆனால் படை பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இல்லை, உள்துறையின் கீழ். தலைமை இயக்குநர் ஐ.பி.எஸ். அதிகாரி. கையில் இருப்பது ராணுவத் திறமை, அதற்கு உத்தரவு போடுவது காவல்துறைப் பார்வை. எதிரே இருப்பவன் குற்றவாளி, போர்க்களத்துப் பகைவன் அல்ல. சுற்றி இருப்பவர்கள் காப்பாற்றப்பட வேண்டிய குடிமக்கள். இந்த மூன்றையும் ஒரு படையின் எலும்பிலேயே எழுதிவைத்தது, புளூ ஸ்டார் தவறு என்று அரசு வாயால் சொல்லாமல் ஒப்புக்கொண்டதற்குச் சமம் என்பேன்.

படை பிறந்து பதினைந்தாம் நாள், அக்டோபர் 31 அன்று, இந்திரா காந்தியை அவருடைய மெய்க்காவலர்களே சுட்டுக் கொன்றார்கள். அடுத்த நாட்களில் தில்லித் தெருக்களில் சீக்கியர்களைத் தேடித் தேடி எரித்தார்கள். தலைநகரில் மட்டும் இறந்தவர்கள் 2,733 என்பது அரசே நியமித்த குழுவின் எண்ணிக்கை. அந்த மூன்று நாளில் ராணுவம் தேவைப்பட்டது, உடனே தேவைப்பட்டது. அது தாமதமாகவே இறக்கப்பட்டது. பொற்கோயிலுக்குள் டாங்கி அனுப்பத் தெரிந்த அரசுக்குத் தில்லியின் திரிலோக்புரிக்கு ஒரு லாரி வீரர்களை அனுப்ப மனமில்லை என்று ஒரு சீக்கியர் சொன்னால், அதற்குப் பதில் சொல்ல நம்மிடம் என்ன இருக்கிறது? 1985 ஜூனில் கனிஷ்கா விமானத்தில் வைக்கப்பட்ட குண்டு வெடித்து 329 பேர் இறந்தார்கள். ஆகஸ்டில், ராஜீவ் காந்தியோடு ஒப்பந்தம் போட்ட அகாலி தளத் தலைவர் லோங்கோவாலைச் சுட்டார்கள். 1986இல் புளூ ஸ்டார் சமயத்தில் ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்த வைத்யாவைப் புனேயில் கொன்றார்கள். 2012இல்கூட லண்டன் தெருவில் பிராரைக் கத்தியால் குத்தினார்கள். ஒரே இரவில் முடிந்த நடவடிக்கையின் கணக்கு 28 ஆண்டு கழித்தும் தீர்ந்திருக்கவில்லை.

புதிய படைக்கு முதல் வேலை 1986 ஏப்ரல் 30 அன்று வந்தது. முந்தைய நாள் கோயில் வளாகத்திலிருந்து காலிஸ்தான் என்ற தனி நாட்டைப் பிரகடனம் செய்திருந்தார்கள். அப்போது பஞ்சாப் முதல்வர் சுர்ஜித் சிங் பர்னாலா. பின்னாளில் இரண்டு முறை தமிழ்நாட்டு ஆளுநராக இருந்தவர். தி.மு.க. அரசைக் கலைக்கப் பரிந்துரை செய்ய மறுத்தவர் என்றே நமக்கு அவரைத் தெரியும். அவர் அனுமதியோடுதான் கமாண்டோக்கள் உள்ளே போனார்கள். முக்கியமானவர்கள் அதற்குள் நழுவியிருந்தார்கள். பர்னாலாவின் கட்சி பிளந்தது, அமைச்சர்கள் விலகினார்கள். மதத் தலைமை விதித்த பிராயச்சித்தமாக அந்த முதல்வர் உட்கார்ந்து யாத்திரிகர்களின் காலணிகளைத் துடைத்தார். பஞ்சாப் அகராதியில் கோயிலுக்குள் படை அனுப்புவதன் விலை என்னவென்று அதைப் பார்த்த யாருக்கும் புரிந்திருக்கும்.

இரண்டாவது முறை, 1988 மே. இதை நிதானமாகச் சொல்ல வேண்டும்.

மே 9 அன்று கோயில் அருகே மத்திய ரிசர்வ் காவல்படையின் டி.ஐ.ஜி. எஸ்.எஸ். விர்க்கின் தாடையில் குண்டு பாய்ந்தது. அவர் பிழைத்தார். அட்வால் கொலைக்கு ஐந்தாண்டு கழித்து வந்த அதே போன்ற தருணம் அது. இம்முறை காவல்துறை ஓடவில்லை, பாய்ந்து உள்ளேயும் போகவில்லை. வளாகத்தைச் சுற்றி வளைத்தது. பஞ்சாப் காவல்துறைத் தலைவர் கே.பி.எஸ். கில், என்.எஸ்.ஜி. தலைமை இயக்குநர் வேத் மர்வா. மின்சாரம் நிறுத்தப்பட்டது, தண்ணீர் நிறுத்தப்பட்டது. மே மாதத்து அமிர்தசரஸ் வெயில் எப்படி என்று நீலகிரிவாசிகளுக்குச் சொன்னாலும் விளங்காது. உயரமான கட்டடங்களில் கமாண்டோக் குறிவல்லுநர்கள் படுத்துக்கொண்டார்கள். ஆயுதத்தோடு வெளியே தலை காட்டுகிறவனைத் தவிர வேறு யாரும் சுடப்படக் கூடாது. சிக்கிக்கொண்ட யாத்திரிகர்கள் முதலிலேயே வெளியே கொண்டுவரப்பட்டார்கள்.

பத்திரிகையாளர்களை இம்முறை விரட்டவில்லை. பார்த்து எழுதுங்கள் என்று விட்டார்கள். 15ஆம் தேதி நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்ததை நாடு தொலைக்காட்சியில் பார்த்தது. மிச்சம் இருந்தவர்கள் ஹர்மந்திர் சாகிப்புக்குள்ளேயே ஓடி ஒளிந்தார்கள். அங்கேயும் படை பாயவில்லை. காத்திருந்தது. 18ஆம் தேதி அவர்களும் சரணடைந்தார்கள். மொத்தம் சுமார் 200 பேர் உயிரோடு பிடிபட்டார்கள். இறந்தவர்கள் 40 பேர் அளவில். பொற்கோயிலுக்குப் பெரிய சேதம் இல்லை.

உள்ளே போய்ப் பார்த்தபோதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமானது வெளிப்பட்டது. கடைசி நாட்களில் அந்தப் புனித இடத்தையே அவர்கள் கழிப்பறையாக்கியிருந்தார்கள். வளாகத்தில் இடிபாடுகளுக்கடியில் சித்திரவதை செய்து கொல்லப்பட்டவர்களின் உடல்கள் கிடைத்தன. 1984இல் தியாகியாகச் செத்தவன் அடுத்த தலைமுறையை இழுத்தான். 1988இல் கைதூக்கி வந்தவனையும் அவன் விட்டுச்சென்ற அசுத்தத்தையும் பார்த்த சீக்கியக் கிராமங்கள் எழவில்லை, எந்தப் படைமுகாமிலும் கலகம் மூளவில்லை. டாங்கியால் முடியாததைத் தண்ணீர்க் குழாயை மூடியதும், பத்து நாள் பொறுமையும், திறந்திருந்த கேமராவும் செய்தன. என்.எஸ்.ஜி.யின் உண்மையான பிறந்தநாள் இதுதான் என்று எனக்குத் தோன்றும்.

ஆனால் வன்முறை அத்தோடு நிற்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பஞ்சாபில் மிக அதிகமாக ரத்தம் சிந்தியது அதற்குப் பிறகு, 1990, 91 ஆண்டுகளில். அது ஓய்ந்தது 1993 வாக்கில்தான். காவல்துறையின் கடும் வேட்டை ஒரு காரணம். அதைவிட ஆழமான காரணம், எந்த மக்களுக்காகப் போராடுவதாகச் சொன்னார்களோ அந்த மக்களே சலித்துப்போனது. தீவிரவாதிகள் கொன்றவர்களில் பெரும்பான்மையினர் சீக்கியர்கள். பெண்கள் என்ன உடுத்த வேண்டும், கல்யாணத்தில் எத்தனை பேர் வரலாம் என்று கட்டளையிட்டார்கள், பணம் பறித்தார்கள். 1992 சட்டமன்றத் தேர்தலில் கால்வாசிப் பேர்கூட ஓட்டுப் போடவில்லை. அடுத்த ஆண்டு ஜனவரி ஊராட்சித் தேர்தலில் கிராமங்கள் திரண்டு வந்து போட்டன.

அந்த வேட்டையின் இருட்டுப் பக்கத்தை வெளியே கொண்டுவந்தவர் ஜஸ்வந்த் சிங் கால்ரா. சுடுகாடுகளின் விறகுக் கணக்கையும் பதிவேடுகளையும் புரட்டி, காவல்துறை எத்தனை பேரை அடையாளம் தெரியாதவர்கள் என்று எழுதி எரித்திருக்கிறது என்று கண்டுபிடித்தார். 1995 செப்டம்பரில் அவரையே கடத்திக் கொன்றார்கள். மூன்று சுடுகாடுகளில் மட்டும் 2,097 உடல்கள் சட்டவிரோதமாக எரிக்கப்பட்டதை சி.பி.ஐ. உறுதி செய்தது. கால்ரா கொலையில் காவலர்கள் தண்டனை பெற்றார்கள். பஞ்சாபில் படைபலம் வென்றது என்று ஒரு வரியில் எழுதுகிறவர்கள் இந்தப் பதிவேட்டையும் சேர்த்து எழுத வேண்டும். காலிஸ்தான் குரல் கனடாவிலும் பிரிட்டனிலும் இன்றும் எரிய எண்ணெய் கிடைப்பது 1984 நவம்பரிலிருந்தும் இந்தச் சுடுகாடுகளிலிருந்தும்தான்.

மதத் தலத்துக்குள் ஆயுதத்தோடு புகுந்தவர்களை எதிர்கொண்டதில் மற்ற நாடுகளின் அனுபவமும் இதையே காட்டுகிறது. 1979 நவம்பரில் ஜுஹைமான் அல் உதைபியின் ஆட்கள் மெக்கா பெரிய பள்ளிவாசலைக் கைப்பற்றினார்கள். இரண்டு வாரச் சண்டையில் சவூதி அரசு அதை மீட்டது, பிடிபட்டவர்களில் 63 பேரின் தலையை வெட்டியது. அதன் பிறகு, அந்தத் தலைகள் கேட்ட கட்டுப்பாடுகளில் பலவற்றை அரசே கொண்டுவந்தது. ஆட்கள் செத்தார்கள், கருத்து அரியணை ஏறியது. 2007 ஜூலையில் பாகிஸ்தான் ராணுவம் இஸ்லாமாபாத் லால் மஸ்ஜிதுக்குள் புகுந்தது. அதே டிசம்பரில் பாகிஸ்தான் தாலிபான் அமைப்பு பிறந்தது. 2014இல் பெஷாவர் ராணுவப் பள்ளியில் நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொன்றது அந்த அமைப்புதான்.

நம் ஊர்க் கறுப்புப் பூனைகள் இதற்கிடையே வேறு வேலைக்கு இழுக்கப்பட்டார்கள். தலைவர்களின் காரோடு ஓடுவது கௌரவச் சின்னமாயிற்று. 2008 நவம்பர் 26 இரவு பயங்கரவாதிகளின் தாக்குதலில் மும்பை எரிந்தபோது, தில்லி அருகே மானேசரில் உள்ள முகாமிலிருந்து அவர்கள் வந்து சேரும்போது மறுநாள் காலையாகிவிட்டது. அந்த இரவில் தாக்கியவர்களில் ஒருவனான அஜ்மல் கசாபை உயிரோடு பிடித்தவர், கையில் லத்தியோடு துப்பாக்கி முனையைக் கட்டிப்பிடித்துச் செத்த உதவித் துணை ஆய்வாளர் துக்காராம் ஓம்ப்ளே. கசாப் உயிரோடு கிடைத்ததால்தான் சதியின் முழு வடிவமும் நீதிமன்றத்தில் வெளிவந்தது. அடுத்த ஆண்டு சென்னை உட்பட நான்கு நகரங்களில் என்.எஸ்.ஜி. மையங்கள் திறந்தார்கள். தலைவர் பாதுகாப்பிலிருந்து அந்தப் படையை முழுக்க விலக்கும் முடிவு 2024இல்தான் வந்தது.

துப்பாக்கிக்கு அப்பால் என்ன என்று ராணுவத்திலும் யோசித்தவர் உண்டு. ஜெனரல் பிபின் ராவத் 2021 டிசம்பர் 8 அன்று வெலிங்டன் கல்லூரியில் உரையாற்ற வந்துகொண்டிருந்தபோதுதான், காட்டேரி அருகே நஞ்சப்பசத்திரத்தில் ஹெலிகாப்டர் விழுந்து இறந்தார். முப்படைத் தலைமைத் தளபதியாக 2020 ஜனவரியில் அவர் பேசியது பெரிய விவாதமானது. பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள்கூட மத வெறிக்கு இழுக்கப்படுகிறார்கள், அதிலிருந்து அவர்களை மீட்க வேண்டும், அதற்கான முகாம்கள் உள்ளன என்றார். பிள்ளைகளை முகாமில் அடைப்பதை என்னால் ஏற்க முடியாது. அது இன்னொரு காயத்தைத்தான் உண்டாக்கும். ஆனால் சுடுவதோடு வேலை முடியாது என்பதை நாட்டின் முதல் சிப்பாயே உணர்ந்திருந்தார் என்பதை அந்தப் பேச்சில் கேட்டேன்.

மலையிறங்கினால் கோவை. 1997 நவம்பர் 29 அன்று உக்கடத்தில் காவலர் செல்வராஜ் கொல்லப்பட்டார். தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் இறந்தார்கள். அதற்குப் பழியாக அல் உம்மா என்ற அமைப்பு 1998 பிப்ரவரி 14 அன்று வைத்த குண்டுகளில் 58 பேர் இறந்தார்கள். வெடிக்காத குண்டுகளைச் செயலிழக்க வைத்தவர்கள் ராணுவம், தமிழ்நாடு கமாண்டோ பள்ளி, என்.எஸ்.ஜி. ஆகியவற்றின் நிபுணர்கள். அமிர்தசரஸில் பிறந்த படை நம் ஊருக்கு வந்தது குண்டைப் பிரிக்க. மற்ற வேலையைச் செய்தது காவல்துறை விசாரணையும் தனி நீதிமன்றமும். 2007இல் 158 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பு வந்தது. ஒன்பது ஆண்டுக்கு மேல் சிறையில் இருந்த கேரள அரசியல் தலைவர் அப்துல் நாசர் மதானியை அதே நீதிமன்றம் விடுவித்தது. வழக்கு இழுத்த இழுப்பைப் பற்றிக் கோபப்பட நிறைய உண்டு. ஆனாலும் குற்றம் செய்தவரையும் செய்யாதவரையும் பிரித்துப் பார்க்க அங்கே ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

2022 அக்டோபர் 23, தீபாவளிக்கு முந்தைய நாள் விடிகாலை. உக்கடம் கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்னால் கார் வெடித்து, அதை ஓட்டிவந்த ஜமேஷா முபின் இறந்தார். 2019இல் தேசியப் புலனாய்வு முகமையான என்.ஐ.ஏ. அழைத்து விசாரித்திருந்த ஆள். 1998ஐ நினைத்து நீலகிரி வரைக்கும் பயம் பரவியது. முழு அடைப்புக்கு அழைப்பு வந்தது, பிறகு தள்ளிவைக்கப்பட்டது. என்.ஐ.ஏ. கைதுகளைத் தொடர்ந்தது. சில நாளில் கோவை ஜமாத் நிர்வாகிகள் அந்தக் கோயிலுக்கே போய் அர்ச்சகர்களைச் சந்தித்து, நாங்கள் உங்களோடு இருக்கிறோம் என்றார்கள். கோவையில் இம்முறை கலவரம் மூளவில்லை.